மதர்போர்டில் ஒரு மானிட்டர், கிராபிக்ஸ் கார்டில் ஒரு மானிட்டர்: இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யுமா?

செய்யும். 2021 முதல் என் மேஜையில் அப்படித்தான் ஓடுகிறது.

கார்டு போட்ட பிறகு மதர்போர்டில் செருகியிருந்த மானிட்டர் 'நோ சிக்னல்' காட்டுகிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 'போர்டு போயிடுச்சு' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் தயவுசெய்து அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்; மதர்போர்டில் செருகும் மானிட்டருக்குப் படம் அங்கிருந்துதான் வருகிறது. இன்டெல்லில் 9400எஃப், 10400எஃப் மாதிரி பெயர் எஃப் என்று முடிந்தால் இல்லை. மதர்போர்டில் எச்டிஎம்ஐ இருந்தாலும் படம் வராது. டெஸ்க்டாப் ரைசனில் 5000 வரிசை வரை ஜி சேர்ந்த மாடல்களில்தான் உண்டு. 7000 வரிசையிலிருந்து பெரும்பாலானவற்றில் சின்னதாக ஒன்று இருக்கிறது.

கரூரில் ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். 2017-ல் வாங்கிய ஐ5 6500 (எஃப் இல்லாத இன்டெல் ப்ராசஸர்), எச்110 மதர்போர்டு, விஜிஏ (பழைய அனலாக் வகை இணைப்பு) மட்டுமே உள்ள 17 இன்ச் சதுர மானிட்டர். 2021-ல் கார்டு விலையெல்லாம் ஏறிக் கிடந்த நேரத்தில், ஒருவர் பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டை வாங்கினேன். கூடவே ஒரு 24 இன்ச் மானிட்டர். புதியது கார்டின் எச்டிஎம்ஐயில் நன்றாக வந்தது. மதர்போர்டில் செருகியிருந்த பழையது இருண்டுவிட்டது.

சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. போர்டில் டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். அது ஆவணி மாதம், கையில் நான்கு ஆல்பம் நிற்கிறது. சரி என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அன்று இரவு என் மச்சினன் வேறு ஏதோ விஷயமாக போன் செய்தான். திருப்பூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். "மாமா, கார்டைக் கழட்டிட்டு ஆன் பண்ணிப் பாருங்க. விஜிஏல படம் வருதா?" என்றான். கழற்றினேன், வந்தது. "அப்போ போர்டு நல்லா இருக்கு மாமா. கார்டு இருந்தா ப்ராசஸருக்குள்ள இருக்கற கிராபிக்ஸை போர்டே ஆஃப் பண்ணிடும். பயாஸ்ல போய் ஆன் பண்ணணும்."

அவ்வளவுதான் விஷயம். ஆன் செய்யும்போதே டெலிட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும், போர்டின் செட்டிங்ஸ் திரை) போங்கள். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும்: 'ஐஜிபியு மல்டி மானிட்டர்', 'ஐஜிடி மல்டி மானிட்டர்', 'இன்டர்னல் கிராபிக்ஸ்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை 'எனேபிள்ட்' ஆக்குங்கள். பக்கத்திலேயே முதல் டிஸ்ப்ளே எது என்று கேட்கும். அதைக் கார்டிலேயே விட்டுவிடுங்கள். சேமித்து வெளியே வந்தால் விண்டோஸ் 10 பெரும்பாலும் டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்புறம் விண்டோஸ் பொத்தானோடு பி, அதில் 'எக்ஸ்டென்ட்'.

இதைப் படித்துவிட்டு "கார்டிலேயே இரண்டையும் மாட்ட வேண்டியதுதானே" என்று சொல்ல வருகிறவர்களுக்கு: ஒப்புக்கொள்கிறேன். கார்டில் பொருத்தமான போர்ட் இருந்தால் இரண்டையும் அதிலேயே மாட்டுவதுதான் நல்லது. என் கார்டில் எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்ப்ளே போர்ட் ஒன்று, டிவிஐ ஒன்று. அந்த டிவிஐ டிஜிட்டல் மட்டும்தான். என்விடியா 10 வரிசையிலிருந்து அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டார்கள்; அதனால் சாதாரண விஜிஏ கனெக்டர் எதுவும் உதவாது. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் வாங்கியிருக்கலாம், உண்மைதான். ஆனால் போர்டில் நல்ல போர்ட் ஒன்று சும்மா இருக்கும்போது எதற்குச் செலவு?

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். போட்டோஷாப்பை எப்போதும் கார்டில் இருக்கும் மானிட்டரில்தான் வைப்பேன். கார்டு வரைந்த படத்தை மதர்போர்டு மானிட்டரில் காட்ட, ஒவ்வொரு முறையும் அங்கே நகல் எடுத்து அனுப்ப வேண்டும். பெரிய ஃபைலை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டால் பிரஷ் பின்தங்குவது கண்ணுக்கே தெரிகிறது. ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், ராம் மெமரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எனக்கு 8 ஜிபி பற்றாமல் 16 ஆக்கினேன். நிறமும் இரண்டு திரையிலும் ஒன்றாக இருக்காது. பழைய மானிட்டரில் போட்டோ பட்டியல், வாட்ஸ்அப், இவை மட்டும்தான்.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்யாணம் முடிந்து எட்டு மாதம் வரை போட்டோ செலக்ஷன் வராது. திடீரென ஒரு நாள் போன் வரும்: வெள்ளிக்கிழமை வளைகாப்பு, அதற்குள் ஆல்பம் வேண்டும். இரண்டு இரவு தூங்காமல் முடித்துக் கொடுத்தால், ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்த பிறகுதான் டிசைனருக்குக் காசு என்று ஸ்டுடியோவில் சொல்வார்கள். செலக்ஷன் தாமதமானதற்கு நான் என்ன செய்வேன்? எட்டு மாதம் அந்த 2,000 போட்டோக்களும் என் ஹார்ட் டிஸ்க்கில்தானே கிடக்கின்றன? அதற்கு ஒரு ரூபாய் யாரும் தந்ததில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

கடைசியாக ஒன்று. போன வருடம் ஒரு நாள் காலையில் பழைய மானிட்டர் மறுபடி இருண்டுவிட்டது. கணினியில் தேதியைப் பார்த்தால் ஏதோ பழைய வருடம். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்திருந்தது. பயாஸ் பழைய நிலைக்கே போய்விட்டது. புது பேட்டரி போட்டு அதே இடத்தை மறுபடி 'எனேபிள்ட்' ஆக்கியதும் வந்துவிட்டது. உங்கள் போர்டு ஐந்தாறு வருடப் பழசு என்றால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸில் அந்த இடம் கண்ணில் படவில்லை என்றால் போர்டின் மாடல் எண்ணைக் கருத்தில் எழுதுங்கள், மச்சினனிடம் கேட்டுச் சொல்கிறேன்.