பணக்கார வீட்டுப் பொண்ணு, அதனால?

கேள்வி: போன இதழ்ல டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. டிவிஎஸ் குடும்பத்துப் பொண்ணு, காசு இருந்துச்சு, காந்தி பழக்கம் இருந்துச்சு, செஞ்சாங்க. எங்க ஊர்ல இப்ப அவங்களுக்கு விழா எடுக்கணும்னு நன்கொடை வேற கேக்குறாங்க. இதுக்கு இவ்வளவு ஆரவாரம் தேவையா?
- ஒரு வாசகர், சின்னாளப்பட்டி

பதில்: காசு இருந்துச்சுதான், யாரு இல்லனு சொன்னா. டி.வி.சுந்தரம் ஐயங்காரோட மக, மதுரையில பெரிய வீடு. ஆனா அந்தக் காசு அவங்களுக்கு முதல்ல என்ன வாங்கிக் குடுத்துச்சுனு பாருங்க, பள்ளிக்கூடம் போற வயசுல கல்யாணம். மாப்பிள்ளை டாக்டர், நல்ல மனுஷன், பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பாக்கப் போய் அவரும் செத்துட்டாரு. அப்ப இந்த அம்மாவுக்கு இருபது சொச்சம்தான் வயசு. அந்தக் காலத்துல எத்தனையோ பணக்கார வீடுகள்ல இதே மாதிரி இளம் விதவைங்க இருந்தாங்க, அவங்க எல்லாம் எங்க போனாங்க சொல்லுங்க? கொல்லைப்புறத்துலயும் பூஜை ரூம்லயும்தான் ஆயுசு போச்சு. பணம் இருந்தா மூலையில உக்கார ரூம் கொஞ்சம் பெருசா கிடைக்கும், அவ்வளவுதான்.

இவங்க டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் காலேஜ்ல சேந்து 1936ல டாக்டராகி வெளிய வந்தாங்க. 1904ல பொறந்தவங்க, கணக்குப் போட்டுக்குங்க, முப்பத்திரண்டு வயசு. அங்க கூடப் படிச்ச, பின்னால காந்திக்கே டாக்டரா இருந்த சுசீலா நய்யார் மூலமாத்தான் காந்தி பழக்கமே வந்துச்சு, அப்பா சிபாரிசுல இல்ல.

அப்புறம் மறுமணம். 1940ல, ஐயங்கார் வீட்டு விதவை, வேற ஜாதிக்காரர், அதுவும் மலையாளி, காந்தியோட சீடர் ஜி.ராமச்சந்திரனக் கட்டிக்கிறாங்க. வீட்ல கடும் எதிர்ப்பு. காந்தியும் உடனே தலையாட்டிடல, கொஞ்ச காலம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம பிரிஞ்சு இருங்க, அதுக்கப்புறமும் மனசு மாறலன்னா வாங்கனு அனுப்பிட்டாரு. மாறல, காந்தி ஆசிரமம் இருந்த சேவாகிராமத்துல கல்யாணம் நடந்துச்சு. நீங்க சொல்ற பணக்கார வீட்டுச் செல்வாக்கு இந்த விஷயத்துல எந்தப் பக்கம் நின்னுச்சுனு யோசிங்க.

டாக்டர் பட்டத்த வச்சிக்கிட்டு மதுரையில ஒரு நர்சிங் ஹோம் தொறந்திருந்தா காசு கொட்டியிருக்கும், யாரும் தப்பும் சொல்லியிருக்க மாட்டாங்க. அத விட்டுட்டு உங்க சின்னாளப்பட்டிக்கு வந்து ரெண்டு கட்டில் போட்ட ஒரு கிளினிக்ல ஆரம்பிச்சாங்க, 1947ல சிறுமலை அடிவாரத்துல காந்திகிராமம்ங்கிற கிராம சேவை நிறுவனம். ஆஸ்பத்திரி கட்டுனது பெரிய விஷயம்தான், எனக்கு அதவிடப் பெருசா படுறது என்னன்னா கிராமத்துப் பொண்ணுங்களுக்குப் பயிற்சி குடுத்து கிராம சேவிகா, சுகாதாரப் பணியாளர்னு ஊர் ஊரா அனுப்புனது. பட்டணத்து டாக்டருங்க வருவாங்கனு காத்திருக்காம ஊர்லயே ஆள உருவாக்கணும்னு அவங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, நம்ம ஆளுங்களுக்கு இன்னும் சரியாப் பிடிபடல, அத விடுங்க. ஒத்த ஆளோட சாதனைனும் எழுதிடாதீங்க, ராமச்சந்திரன் இல்லாம 1956ல வந்த காந்திகிராம கிராமிய நிறுவனம் இல்ல, அதுதான் இப்ப பல்கலைக்கழகமா நிக்குது.

நடுவுல அரசியல். 52ல ஆத்தூர் எம்எல்ஏ, 57ல வேடசந்தூர், 62ல திண்டுக்கல் எம்பி, கல்வித்துறைத் துணை அமைச்சர், பத்ம பூஷண். 67 அலையில தோத்தாங்க, காமராஜரே தோத்த வருஷம் அது. தோத்தவங்க ராஜ்யசபா சீட்டுக்கோ வாரியத் தலைவர் பதவிக்கோ டெல்லியில சுத்துறதுதான் வழக்கம், இவங்க நேரா காந்திகிராமத்துக்குத் திரும்பிட்டாங்க. 1984ல இறக்குற வரைக்கும் அந்த வேலைதான்.

விழா விஷயத்துல உங்க கூட பாதி சேந்துக்கிறேன். பிளெக்ஸ்ல அம்மா படம் தபால் தலை சைசுலயும் கட்சி மாவட்டச் செயலாளர் படம் ஆளுயரத்துலயும் போடுற விழான்னா பத்து ரூபா கூடக் குடுக்காதீங்க. அந்த ஆஸ்பத்திரியில காலம் பூரா வேலை பாத்து ரிட்டயர் ஆன நர்ஸம்மாக்களக் கூப்பிட்டு மேடையில உக்கார வச்சுப் பேசச் சொன்னா தாராளமாக் குடுங்க, நானும் அனுப்புறேன்.

அப்புறம் ஒண்ணு. ஊரு சின்னாளப்பட்டினு எழுதியிருக்கீங்க. வீட்ல பீரோவத் தொறந்து உங்க பிறப்புச் சான்றிதழ எடுத்து, பொறந்த இடம்னு போட்டிருக்குற கட்டத்துல எந்த ஆஸ்பத்திரி பேரு இருக்குனு பாத்துட்டு அடுத்த லெட்டர் போடுங்க.