கண்டியில் புதுப்பித்த பழைய வீடு, சுவரில் பெயின்ட் உரிகிறது: முற்பணம் கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். "திரும்பப் பெயின்ட் அடித்துத் தருகிறேன்" என்று வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நிலத்திலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் பெயின்ட் கொப்புளித்து உரிகிறது என்றால் எத்தனை தடவை அடித்தாலும் அடுத்த மழைக்கு அதே கதைதான்.

பெரும்பாலும் காரணம் சீமெந்து. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சினாலும் மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் சீமெந்து பூசி இமல்ஷனும் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் பெயின்டைத் தள்ளுகிறது. உரிந்த இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், உப்பு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டினால் இதேதான்.

சாவி கேட்டு வாங்கி, ஓரடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் கோர்த்திருந்தால் ஈரம் சுவரில். அறைப் பக்கம் கோர்த்திருந்தால் வெறும் காற்றீரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே குறையும்.

ஆனால் கூரைப் பீலி ஒழுக்கும் சுவருக்குள் போகும் பைப் கசிவும் இந்தச் சோதனையில் பிரிந்து தெரியாது. அதற்கு ஒரு நல்ல மழை பெய்து முடிந்த கையோடு போய்ப் பார்க்க வேண்டும், ஒக்டோபர், நவம்பர் என்றால் அதற்குப் பஞ்சமில்லை. (பார்க்கப் போகிற அன்று புதுப் பெயின்ட் வாசம் அடித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.)

அப்படியும் வீடு பிடித்திருந்தால் உரிந்த இடங்களைத் திகதியோடு படம் எடுத்து, திருத்துவது யார் செலவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.