நாகேஷின் அழுகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வாப்பா போன மாதம் 'சர்வர் சுந்தரம்' படத்தைப் போட்டு எங்களையும் உட்கார வைத்தார். முதல் பாதியில் விழுந்து விழுந்து சிரித்தேன். ஓட்டலில் நாகேஷ் ஓடியாடுவதும், கதாநாயகி ராதா தன்னைத்தான் விரும்புகிறாள் என்று அவராகவே நம்பிக்கொள்வதும் அருமை. பிற்பாதியில் என்னால் ஒன்றவே முடியவில்லை. நகைச்சுவை நடிகருக்குக் கதாநாயகன் சட்டையை மாட்டிவிட்டார்கள், அவரும் 'எனக்கும் அழத் தெரியும்' என்று காட்டுகிறார், அவ்வளவுதான் என்று தோன்றியது. தாய் விழுந்து கிடக்கும் செய்தியை மகனிடம் சொல்லாமல் விடுவது, அவன் வருவதற்குள் அவள் போய்விடுவது, பேர் வாங்கிய நடிகன் மறுபடியும் சர்வராகப் போவது எல்லாமே கண்ணீருக்காக அடுக்கிவைத்தவை. அதே 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்குக் கதை சொல்லும் செல்லப்பாதான் எனக்கு முழு நாகேஷ்.

இதைச் சொன்னதும் வாப்பாவுக்குக் கோபம். "சிவாஜியால கூட இப்படிச் செய்ய முடியாது, ஒனக்கு என்ன தெரியும்" என்றார். அவர் இருபத்திரண்டு வருஷம் துபாயில் இருந்தவர். கடைசிப் பகுதி வரும்போது ஒன்று அழுவார், இல்லாவிட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அழுகை வருவதாலேயே அது நல்ல நடிப்பு ஆகிவிடுமா அண்ணன்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர், கீழக்கரை)

*

அன்புள்ள தம்பி,

ஆகாது. பார்க்கிறவர் அழுவதற்கு அவருடைய வாழ்க்கையில் ஆயிரம் காரணம் இருக்கும். நடிகரின் திறமையை அதை வைத்து அளக்க முடியாது. இதில் உங்களோடு நிற்கிறேன். மற்றதில் இல்லை.

நீங்கள் குறை சொல்வதில் ஒரு பங்கு திரைக்கதைக்குச் சேர வேண்டியது. பாலசந்தர் ஏஜி ஆபீசில், அதாவது அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே மேடைக்கு எழுதிய நாடகம் அது. இயக்குநர்கள் கிருஷ்ணன்-பஞ்சு அதைப் படமாக எடுத்தார்கள். கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று எழுதிய வசனம், கேமரா முகத்துக்கு அருகில் வந்த பிறகும் அதே கனத்தோடு இருக்கிறது. துக்கத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் வாயாலும் சொல்லிவிடுகிறார்கள். உங்களுக்குச் சலிப்புத் தட்டியது அங்கேதான் என்று நினைக்கிறேன். எனக்கும் தட்டும்.

ஆனால் நாகேஷ் இரண்டு பாதியில் இரண்டு ஆளாக நடித்திருக்கிறார் என்பதை என்னால் ஏற்க முடியாது. பிளஸ் டூ முடித்த கையோடு எட்டு மாதம் ராமநாதபுரத்தில் ஒரு ஓட்டலில் நான் சப்ளையராக இருந்தேன். முதல் வாரம் முழுக்கக் கையைப் பார்த்தே நடந்தேன், சாம்பார் தளும்பிக்கொண்டே இருந்தது. மூத்த சப்ளையர் ஒருவர்தான், "தட்டைப் பாக்காத, சாப்பிடுற ஆளப் பாரு" என்று சொல்லிக்கொடுத்தார். சாப்பிடுகிறவர் கூப்பிடுவதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். எரிந்து விழுந்தால் சிரிக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் அடுத்தவர் முகத்தைப் படிப்பதுதான் அந்த வேலை. ராத்திரி கடை சாத்திய பிறகும் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகாது. வீட்டுக்கு வந்தால் அம்மாவின் முகத்தையும் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நாகேஷ் டம்ளர்களை அடுக்கடுக்காக ஏந்தி வருவதை எல்லோரும் வித்தையாகப் பார்க்கிறார்கள். அந்த உடம்பில் ஒரு தொழில்காரன் இருக்கிறான். சுந்தரம் யாரைச் சிரிக்க வைத்தாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்கிறான், எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று தேடிக்கொண்டே. ராதாவின் பரிவை அவன் காதல் என்று எடுத்துக்கொண்டதும் இதனால்தான். எல்லார் முகத்தையும் பார்த்துப் பழகியவனுடைய முகத்தை அதுவரை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. ஒருத்தி பார்த்துவிட்டாள். அம்மைத் தழும்பு விழுந்த அந்த முகத்தோடு 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டுக்கு அவர் ஆடுகிறார். விஸ்வநாதன் இசைக்குழுவை நடத்த, டி.எம்.எஸ். பாட, பாடல் பதிவாவதையே காட்டியிருப்பார்கள். துள்ளலான பாட்டுதான். கதை தெரிந்த பிறகு பார்த்தால் அந்தத் துள்ளல் எனக்கு வலிக்கிறது.

ராதாவின் மனத்தில் இருப்பது தன் நண்பன் ராகவன் என்று தெரிந்த பிறகும் சுந்தரம் செய்வது அதே வேலைதான். அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது. தன் முகத்தைத் துடைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கிறான். முதல் பாதியில் நீங்கள் சிரித்ததும் பிற்பாதியில் உங்களுக்கு ஒட்டாமல் போனதும் ஒரே குணம்.

உங்கள் செல்லப்பாவையும் இதோடு வைத்துப் பாருங்கள். அந்தக் காட்சியின் சிரிப்பில் பாதி பாலையாவுடையது. அவர் எவ்வளவு பயப்படுகிறாரோ அந்த அளவுக்கு நாகேஷ் கதையைக் கூட்டிக்கொண்டே போகிறார். எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து நடிப்பதுதான் அங்கேயும். நீங்கள் கொண்டாடும் நாகேஷும் தள்ளிவைக்கும் நாகேஷும் ஒரே ஆள் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இனி, தாய்க்கு நேர்ந்ததை மகனிடம் சொல்லாமல் விடும் இடம். நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது எண்பதுகளின் நடுவில், ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் வேர்க்காட்டில், ஜூலை மாதம் சந்தியாகப்பர் கோவில் திருவிழாவுக்கு மணலில் திரை கட்டிப் போட்டபோது. மூன்று மதத்துக்காரர்களும் வந்து கூடும் திருவிழா அது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் திரைத்துணி புடைத்துக்கொண்டே இருந்தது. நாகேஷின் முகம் பெரிதாகும், சுருங்கும். இடம் கிடைக்காமல் திரைக்குப் பின்புறம் உட்கார்ந்தவர்களுக்கு அவர் இடது கையால் பரிமாறினார். அதற்கும் சிரித்தார்கள்.

தாய் விழுந்த பிறகு படப்பிடிப்புத் தளத்தில் செய்தியை மறைக்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "சொல்லித் தொலைங்களேண்டா அவன்கிட்ட!" அப்புறம் இன்னொரு குரல், இன்னொன்று. திரையில் இருந்த மனிதர்களை எங்கள் ஊர்ப் பெண்கள் நேருக்கு நேர் திட்டினார்கள்.

கண்ணீருக்காக அடுக்கிவைத்தது என்கிறீர்கள். கடலுக்குப் போன மகன் திரும்புவதற்குள் வீட்டில் மண் போட்டுவிட்டார்கள் என்பது அப்போது எங்கள் கரையில் எல்லாத் தெருவிலும் நடந்தது. செல்போன் கிடையாது. அந்தப் படம் வெளிவந்தது 1964 டிசம்பரில். அதே டிசம்பர் 22ஆம் தேதி இரவுதான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலில் இருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் விழுந்து கிடக்க, செய்தி வெளியே போய்ச் சேரவே நேரமானது. அன்று அந்த மணலில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் அந்த டிசம்பரில் காத்திருந்தவர்கள்.

என் அப்பா தன் தகப்பனாரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. படகு கரை தொட்டபோது அடக்கம் முடிந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. கரையில் இறங்கினார், சொன்னார்கள், கேட்டுக்கொண்டார். பிறகு மீனை இறக்கினார். வலையை உதறிக் காயப்போட்டார். எல்லாம் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தார். ஊரில் சிலர் அதைக் கல்நெஞ்சு என்றார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவர் கைகள் வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்தன.

சுந்தரம் திரும்பவும் சர்வராகப் போவதை நீங்கள் நம்பவில்லை. பணமும் புகழும் வேண்டாம் என்ற அறிவுரையாக அதைப் படித்தால் நானும் நம்பமாட்டேன். கதை எழுதியவருக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்திருக்கலாம். அந்த முடிவை நான் அப்பாவின் கைகளை வைத்துப் பார்க்கிறேன். அவனுக்கு வேறு எந்த வேலையும் அந்த நேரத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். நாகேஷும் அதை அறிவுரையாக நடிக்கவில்லை என்பது என் எண்ணம்.

சிவாஜி விஷயத்தில் வாப்பாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு பேரும் இரண்டு வழி. சிவாஜி ஒரு துக்கத்தைக் கையில் எடுத்தால் கடைசிச் சொட்டு வரை நமக்குக் காட்டுவார், அது அவருடைய கொடை. நாகேஷ் நம்மிடமிருந்து ஒளிக்கிறார். முப்பது வருஷம் கழித்து 1994இல் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக வந்தார், துணை நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தது. அங்கேயும் ஒரு பொழுது வரை அவரால் ஒளிக்க முடிகிறது, அப்புறம் முடியவில்லை. 'சர்வர் சுந்தர'த்தைப் பிடிக்காதவர்கள் அதைப் பார்த்துவிட்டு இதற்குத் திரும்பி வரலாம்.

அடுத்த முறை வாப்பா படத்தைப் போட்டு, நடுவில் எழுந்து வெளியே போனால் போகட்டும், பின்னாலேயே போய்க் காரணம் கேட்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்து நாகேஷின் கைகளை மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், நான் கேட்கிறேன்.

வாப்பாவுக்கு என் ஸலாம்.

அன்புடன்,
அண்ணன்