கேளுங்க, சொல்றமுங்க: ஜோதி அணைஞ்சா என்ன பண்றது?

ஏனுங்ணா, எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு ஜோதி ஓட்டம் வெச்சமுங்க. ரெண்டாவது பையன் கைக்குப் போறதுக்குள்ள அணைஞ்சே போச்சு, மண்ணெண்ணெய் வேற ஒழுகி சட்டையெல்லாம் ஒரே நாத்தம். ஒலிம்பிக்ல மட்டும் எப்படிங்க மாசக்கணக்குல அணையாம வருது? டிசைனையும் ஒவ்வொரு தடவையும் மாத்தறாங்களே, எதுக்குங்க?
– பி.டி. வாத்தியார், கோபி

அணையாம வருதுன்னு யாருங்க சொன்னது! 1976 மாண்ட்ரியல்ல போட்டி நடக்கறப்பவே மழை பேஞ்சு ஸ்டேடியத்துல எரிஞ்ச தீயே அணைஞ்சுபோச்சு, அங்க இருந்த ஒருத்தர் சிகரெட் லைட்டர எடுத்துப் பத்த வெச்சுட்டாரு, அப்புறம் விசயம் தெரிஞ்சு அதையும் அணைச்சுட்டு கிரீஸ் நாட்டு ஒலிம்பியாவுல இருந்து வந்த அசல் தீயில இருந்து மறுபடி ஏத்துனாங்க. அந்த அசல் தீ எப்பவும் லாந்தர்லதாங்க இருக்கும். ஓடறவங்க கூடவே வண்டியில வரும், கையில இருக்கறது அணைஞ்சா அதுல இருந்து பத்த வெச்சுக்குவாங்க. அடுத்த வருசம் நீங்களும் ஒரு அரிக்கேன் லைட்ட டிவிஎஸ் அம்பதுல பின்னால வரச் சொல்லுங்க, சோலி முடிஞ்சுது.

டிசைன் கதைக்கு வர்றேன். மேல பாக்கறதுக்குத்தான் அழகு, உள்ள என்ன எரியுதோ அதுதான் உருவத்தையே மாத்துச்சு. 1936 பெர்லின்லதான் மொதல் ஜோதி ஓட்டம், எஃகுப் பிடி, உள்ள மக்னீசியம். காத்துக்கு அசையாது, ஆனா பொறி கொட்டும். 1948 லண்டனுக்கு வழியெல்லாம் ஹெக்சமைன்ங்கற எரிபொருள் மாத்திரை, கூட நாப்தலின், அதாங்க நம்ம பீரோவுல போடற அந்துருண்டைச் சரக்கு. ஸ்டேடியத்துல பட்டப்பகல்லயும் பளிச்சுன்னு தெரியணுமேன்னு கடைசி ஆளுக்கு மட்டும் மக்னீசியம். 1956 மெல்போர்ன்லயும் இதே கூத்துதான், கடைசியா ஓடுன ரான் கிளார்க் கையில பொறி தெறிச்சு சுட்டுருச்சு. உங்க பையனுக்கு ஒழுகுன எண்ணெய் பரவால்லைங்க.

1952 ஹெல்சிங்கில ஒட்டுக்காவே 22 ஜோதிதான் செஞ்சாங்க, பிர்ச் மரத்துல கைப்பிடி, அதையே மாத்தி மாத்தி வாங்கி ஓடுனாங்க, எனக்கு அந்தச் சிக்கனம் ரொம்பப் புடிக்கும். 1972 மியூனிக்ல அழுத்தித் திரவமாக்குன கேஸ் வந்துச்சு. பொறி, புகைத் தொல்லை கொறைஞ்ச பொறவு டிசைனருங்க இஷ்டத்துக்கு விளையாட ஆரம்பிச்சுட்டாங்க, 1996 அட்லாண்டாவுக்கு நாணல் கட்டு, 2000 சிட்னிக்கு பூமராங் வளைவு, 2008 பெய்ஜிங்குக்கு சுருட்டுன காகிதம். 2012 லண்டன்ல 8,000 பேரு ஓடறாங்கன்னு 8,000 ஓட்டை போட்டாங்க, அதுல எடையும் கொறைஞ்சுது, சூடும் வெளிய போச்சு. பாக்க என்னமோ தேங்காய் துருவி மாதிரிதான், இருந்தாலும் காரணத்தோட போட்ட ஓட்டை பாருங்க.

டோக்கியோ 2020 ஜோதியில அஞ்சு இதழும் ஒட்டே இல்லாம வருதே, வெல்டிங்கா? நான் அலுமினியப் பட்டறையில இருக்கறனுங்க.
– வாசகர், குறிச்சி, கோவை

வெல்டிங் இல்லைங்க, எக்ஸ்ட்ரூஷன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காக: வீட்டுல சந்தகை பிழியறோமில்ல, அச்சு ஓட்டை எந்த உருவமோ அதேதான் கீழ வரும், இங்க மாவுக்குப் பதிலா சூடு பண்ணுன அலுமினியம். புல்லட் ரயில் பாடிக்கும் இதே முறைதான். மேல இருந்து பாத்தா சகுரா பூ. அந்த அலுமினியத்துல சுமார் 30 சதவீதம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? ஜப்பான்ல 2011 பூகம்பம், சுனாமியில வீடிழந்த சனங்களுக்குக் கட்டிக் குடுத்த தற்காலிக வீட்டுச் சாமான உருக்குனது. டிசைன் பண்ணவரு டோக்குஜின் யோஷியோகா. நீளம் 71 சென்டிமீட்டர், எடை 1.2 கிலோ.

2024 பாரிஸ்ல பலூனுக்கு அடியில அத்தாம்பெரிய தீ எரிஞ்சுதே தம்பி, பலூன் எப்படி வேகாம இருந்துச்சு? வருசா வருசம் நோம்பிக்குப் பூவோடு எடுக்கறவ நான், அனல் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்.
– வாசகி, உடுமலை

சரியாப் புடிச்சீங்க அக்கா! அது தீயே இல்ல. சன்னமாத் தண்ணியப் பூவாத் தெளிச்சு விட்டு, அதுமேல 40 எல்இடி லைட்ட அடிச்சாங்க, தூரத்துல இருந்து பாத்தா எரியற மாதிரியே இருந்துச்சு. ஒலிம்பியாவுல இருந்து வந்த அசல் தீய பக்கத்துல சின்னதா ஒரு லாந்தர்ல வெச்சிருந்தாங்க.