மழையும் வரும், தீயும் பிடிக்கும்னா எப்படி சார்? (வாசகர் கேள்வி பதில்)

கோடை முடியற நேரமாச்சே, இந்த வாரம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி வானிலை பத்திதான். ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்து ஒரே பதிலா போட்டிருக்கேன், என் கேள்வி வரலையேன்னு யாரும் கோச்சுக்காதீங்க.

கேள்வி: வானிலை அறிவிப்பைப் படிச்சா தலை சுத்துது சார். இடியோட மழை, பலத்த காத்து, தீ அபாயம்னு மூணையும் ஒரே மூச்சுல சொல்றாங்க. மழை வந்தா தீ அணையத்தானே செய்யும்?

பதில்: நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன், எது நடந்தாலும் "நாங்கதான் அப்பவே சொன்னோமே"ன்னு தப்பிச்சுக்க எல்லாத்தையும் எழுதி வெக்கறாங்கன்னு. ஆனா மூணும் ஒரே மேகத்துலேர்ந்து வர்ற சமாச்சாரம். கோடை கடைசில பல இடத்துல தரைக்குப் பக்கத்துல இருக்கற காத்து காஞ்சு போய் கிடக்கும், மேகத்தோட அடிப்பாகமும் ரொம்ப உயரத்துல இருக்கும், அங்கேர்ந்து கிளம்பற மழைத்துளி கீழ வந்து சேர்றதுக்குள்ள நடுவழியிலயே ஆவியாயிடும். தூரத்துல நின்னு பாத்தா மேகத்துக்கு சாம்பல் கலர்ல தாடி முளைச்ச மாதிரி தொங்கும், நுனி மட்டும் தரையைத் தொடாது. அதுக்கு விர்கான்னு பேரு. மழைக்குத்தான் இந்தக் கஷ்டமெல்லாம், மின்னல் அது பாட்டுக்கு இறங்கி காஞ்ச புல்லுலயும் மரத்துலயும் பாஞ்சுடும். அமெரிக்காவுல சுமார் ரெண்டரை மில்லிமீட்டருக்கும் கம்மியா மழை பெய்யற இடியை 'வறண்ட இடி'ங்கற கணக்குல சேக்கறது வழக்கம். 2020 ஆகஸ்ட் நடுவுல கலிபோர்னியாவுல இப்படித்தான், சில நாளைக்குள்ள ஆயிரக்கணக்குல மின்னல் இறங்கி நூத்துக்கணக்கான இடத்துல தீ பிடிச்சுது, அதுல பல தீ ஒண்ணா சேந்து 'ஆகஸ்ட் காம்ப்ளக்ஸ்'னு பேர் வாங்கி 10 லட்சம் ஏக்கருக்கு மேல எரிஞ்சுது.

கேள்வி: ஆப்ல காத்து 25 கிலோமீட்டர், கஸ்ட் 60னு காட்டுது. எதைப் பாக்கணும்?

பதில்: ரெண்டாவதை. முதல் நம்பர் சராசரி, உலக வானிலை அமைப்போட கணக்குப்படி 10 மீட்டர் உயரத்துல 10 நிமிஷம் அளந்து எடுக்கறது. கஸ்ட்ங்கறது நடுவுல ஒரு 3 செகண்ட் வந்து அறையற அறை. வேகம் ரெண்டு மடங்கானா காத்து தள்ற அழுத்தம் நாலு மடங்காயிடும், அதனால மரக்கிளையை முறிக்கறது, கரண்ட் கம்பியை உரச வெக்கறது, தகரத்தைப் பிச்சு எறியறது எல்லாம் இந்த 3 செகண்ட் வேலைதான்.

என்னைக் கேட்டா இந்த மூணுல நாம ரொம்ப பயப்பட வேண்டியது காத்துக்குத்தான், ஆனா எல்லாரும் மின்னலைத்தான் பாத்துட்டிருப்போம். மழைத்துளி ஆவியாகும்போது சுத்தி இருக்கற காத்தோட சூட்டை எடுத்துக்கும், வேர்வை காயும்போது உடம்பு சில்லுனு ஆகுமே அதே கதைதான். குளுந்த காத்து கனம் ஜாஸ்தி, திபுதிபுன்னு கீழ விழும், தரையில மோதினதும் வாளித் தண்ணியைக் கவுத்த மாதிரி நாலாபக்கமும் ஓடும். மழைக்கு முன்னாடி திடீர்னு ஜில்லுனு ஒரு காத்து வந்து முகத்துல அடிச்சு, கதவெல்லாம் படார் படார்னு சாத்தி, புழுதி கிளம்பி, எங்கேயோ பெஞ்ச மழையோட மண்வாசனையும் வந்து, "அப்பாடா"ன்னு நிப்போமே, அது சாட்சாத் இதுதான். மேகம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே காத்து மட்டும் முதல்ல வந்துடும்.

எரிஞ்சிட்டிருக்கற காட்டுக்கு இது வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அரிசோனாவுல யார்னெல் ஹில்ங்கற இடத்துல 2013 ஜூன் 28 மின்னல்ல பிடிச்ச தீ, ரெண்டு நாள் கழிச்சு பக்கத்து இடிமேகத்துலேர்ந்து ஓடி வந்த காத்துல அப்படியே திசை திரும்பி, அனுபவசாலிகளான 19 தீயணைப்பு வீரர்கள் மாட்டி இறந்துட்டாங்க. அந்தக் காத்து வரப்போகுதுன்னு வானிலை ஆபீஸ் அன்னிக்கு முன்கூட்டியே சொல்லியும் இருந்தது.

என் கதை ரொம்பச் சின்னது. காத்தே இல்லாத ஒரு மதியம் சருகைக் கூட்டி கொளுத்திட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன், தூரத்துல கருப்பா ஒரு மேகம், அது எங்கேயோ இருக்குன்னு அலட்சியம். முதல்ல நேரா மேல போயிட்டிருந்த புகை படுத்துக்கிச்சு. அடுத்த நொடி எரியற சருகெல்லாம் உருண்டு வேலி ஓரத்துக்குப் போயிடுச்சு, ஒரு பக்கெட் தண்ணியை வெச்சுக்கிட்டு எதை அணைக்கறதுன்னு தெரியாம குதிச்சேன். ஓடி வந்தவங்க ஈரச் சாக்கால அடிச்சு அணைச்சாங்க, திட்டு தனியா வாங்கினேன்.

கேள்வி: நேத்து நல்ல மழை. இன்னிக்கு குப்பை கொளுத்தலாமா?

பதில்: மேல இருக்கற பதிலைப் படிச்சும் கேக்கறீங்களா? சரி, காரணம் சொல்றேன். தீ பத்தி கணக்குப் போடறவங்க காஞ்ச பொருளை 1 மணி நேரம், 10, 100, 1000 மணி நேரம்னு பிரிச்சு வெச்சிருக்காங்க, அதாவது காத்துல இருக்கற ஈரம் மாறினா இந்தப் பொருள் எவ்வளவு நேரத்துல மாறும்னு. புல்லும் சருகும் முதல் வகை, வெயில் வந்து கொஞ்ச நேரத்துல திரும்ப மொறுமொறுன்னு ஆயிடும். பெரிய கட்டை 1000 மணி வகை, கிட்டத்தட்ட 40 நாள், கோடை முழுக்க காஞ்ச கட்டைக்கு ஒரு நாள் மழை தோலை நனைக்கறதோட சரி. இன்னொண்ணு, மின்னல் விழுந்த மரம் உள்ளுக்குள்ள புகைஞ்சிட்டே நாள்கணக்குல கிடக்கும், ரெண்டு நாள் வெயிலும் காத்தும் சேந்தா அப்புறம்தான் வெளிய வரும். அதனால இடி போய் ஒரு வாரம் வரைக்கும்கூட எங்கேயாவது புகை தெரிஞ்சா காலைப் பனின்னு விட்டுடாம தகவல் சொல்லிடுங்க.

கேள்வி: 40 சதவீதம் மழைன்னா ஊர்ல 40 சதவீத இடத்துல பெய்யும்னு அர்த்தமா?

பதில்: இல்ல. அந்தப் பகுதியில நீங்க நிக்கற இடத்துல அளக்கற அளவுக்கு மழை விழ 40 சதவீதம் வாய்ப்பு, அவ்வளவுதான். எவ்வளவு பெய்யும்னு அது சொல்லவே சொல்லாது. கால் மில்லிமீட்டர் தூறினாலும் அமெரிக்கக் கணக்குல அது மழைதான்.

கேள்வி: இடி இடிக்கும்போது கார்ல இருந்தா டயர் காப்பாத்துமாமே?

பதில்: டயர் இல்ல, மேல இருக்கற இரும்புக் கூடு. மின்னல் அது வழியா வெளிப்பக்கமாவே தரைக்குப் போயிடும். கண்ணாடியை ஏத்திட்டு, உலோகத்தைத் தொடாம உக்காருங்க. பைக்குக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மின்னல் தெரிஞ்சு 30 செகண்டுக்குள்ள சத்தம் கேட்டா அது சுமார் 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, உள்ள போயிடுங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சு வெளிய வாங்க.

கேள்வி: காட்டுத்தீயே இடிமேகத்தை உண்டாக்கும்னு பையன் சொல்றான், நான் இல்லைன்னு பந்தயம் கட்டிட்டேன்.

பதில்: போச்சு. தீ ரொம்பப் பெருசானா அதோட சூட்டுல புகையும் ஈரமும் மேல ஏறி இடிமேகமாவே மாறிடும், பைரோகியுமுலோனிம்பஸ்னு வாய்ல நுழையாத பேரு. ஆஸ்திரேலியாவுல 2009 பிப்ரவரி 7, 173 பேர் இறந்த அந்த 'பிளாக் சாட்டர்டே' அன்னிக்கு, இப்படி உருவான மேகம் விட்ட மின்னலே ரொம்ப தூரம் தள்ளி இன்னொரு இடத்துல புதுசா தீ வெச்சுது. பந்தயக் காசைப் பையன்கிட்ட குடுத்துடுங்க.