பரம்பரைப் பணமும் புதுப் பணமும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் ராஜாவும் கிடையாது, ஜமீனும் கிடையாது. அங்கே 'பரம்பரைப் பணக்காரர்' என்று ஒரு கூட்டம் எப்படி வந்தது?
– வாசகி, கும்பகோணம்

நியூயார்க் 1664 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்திலேயே நிலமும் வியாபாரமும் வைத்திருந்த ஷெர்மர்ஹார்ன், வான் ரென்ஸலேர் போன்ற குடும்பங்கள் தங்களை ஊரின் மூத்த குடிகளாக நினைத்தன. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கூட்டத்துக்கே தலைமை தாங்கிய ஆஸ்டர் குடும்பத்தின் பணம் அவ்வளவு பழசு இல்லை. ஜெர்மனியில் கசாப்புக்காரர் மகனாகப் பிறந்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர், விலங்குத் தோல் வியாபாரத்தில் சம்பாதித்ததை மன்ஹாட்டன் மனைகளில் போட்டார். 1848-ல் இறந்தபோது நாட்டிலேயே பெரிய பணக்காரர் அவர்தான். அவருடைய பேரனைக் கட்டிக்கொண்டவர், ஷெர்மர்ஹார்ன் வீட்டுப் பெண்ணான கரோலின். எல்லோரும் பயந்த 'மிஸஸ் ஆஸ்டர்' இவர்தான்.

இவர்கள் ஒதுக்கிவைத்த வாண்டர்பில்ட்டுகளும் டச்சு வம்சாவளிதான், ஸ்டேட்டன் தீவின் விவசாயக் குடும்பம். கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் படகு ஓட்டத் தொடங்கி, நீராவிக் கப்பல், ரயில் என்று வளர்ந்து, 1877-ல் சுமார் 10 கோடி டாலர் விட்டுச் சென்றார். வம்சத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பணம் ஒன்றிரண்டு தலைமுறை பிந்தி வந்தது, அவ்வளவுதான். அந்த இடைவெளியைத்தான் மிஸஸ் ஆஸ்டர் காவல் காத்தார்.

'நானூறு பேர்' பட்டியலைத் தயாரித்தது யார்?
– வாசகர், திருநெல்வேலி

ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த வார்டு மெக்காலிஸ்டர். 1872-ல் 25 பெரிய மனிதர்களைச் சேர்த்து 'பேட்ரியார்க்ஸ்' என்ற குழுவை அமைத்தார். ஒவ்வொரு நடன விருந்துக்கும் ஒவ்வொருவரும் 4 பெண்களையும் 5 ஆண்களையும் அழைக்கலாம். ஆக, மொத்தம் 225 விருந்தாளிகள். ஆகாத ஆளை யாராவது கூட்டிவந்தால் பழி அழைத்தவர் தலையில் விழும். அதனால் எவரும் துணிந்து புது முகத்தைச் சேர்க்கவில்லை. வேலி போட இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு இருக்க முடியாது.

நியூயார்க்கில் மதிக்கத்தக்கவர்கள் நானூறு பேர்தான் என்று 1888-ல் பத்திரிகைக்குச் சொன்னவரும் இவரே. 1892 பிப்ரவரியில் பெயர்கள் அச்சில் வந்தபோது எண்ணிக்கை நானூறை எட்டவில்லை. பத்திரிகைகளிடம் அதிகம் பேசியதால் அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களே அவரை ஒதுக்கினார்கள்.

கையில் கோடிக்கணக்கில் பணம் இருந்தும் உள்ளே போக முடியவில்லை என்றால், நடைமுறையில் எது தடுத்தது?
– வாசகர், கோயம்புத்தூர்

ஒரு விசிட்டிங் கார்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முறை இப்படி இருந்தது: பிற்பகலில் ஒரு பெண்மணி சாரட்டில் இன்னொரு வீட்டுக்குப் போவார். வாசலில் பட்லர் நீட்டும் வெள்ளித் தட்டில் தன் கார்டு ஒன்றும் கணவரின் கார்டுகள் இரண்டும் வைப்பார். கணவரின் கார்டுகளில் ஒன்று அந்த வீட்டு அம்மாளுக்கு, இன்னொன்று ஐயாவுக்கு. ஓர் ஆணுக்குப் பெண் தன் கார்டை வைக்கக் கூடாது. கார்டின் ஒரு முனை மடிந்திருந்தால், ஆள் அனுப்பாமல் தானே நேரில் வந்ததாகப் பொருள். உள்ளே இருந்துகொண்டே "அம்மா வீட்டில் இல்லை" என்று பட்லரைச் சொல்ல வைக்கலாம். அது பொய்யாகவும் கருதப்படாது, அவமரியாதையாகவும் கருதப்படாது. உள்ளே அழைத்தால் கால் மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். முதல் வருகைக்கு ஒரு வாரத்துக்குள் பதில் வருகை உண்டு. நேரில் வந்தவருக்குப் பதிலாக உறையில் போட்ட கார்டு மட்டும் வந்தால், 'இத்தோடு நிறுத்திக்கொள்' என்று அர்த்தம்.

புதுப் பணக்காரர்கள் சிக்கிக்கொண்டது ஒரே ஒரு விதியில்தான். முதலில் வருகை தரும் உரிமை அந்தஸ்தில் மேலே இருப்பவருக்கே உண்டு. கீழே இருப்பவர் காத்திருக்க வேண்டும். அறிமுகம் இல்லாமல் அவசரப்பட்டுக் கார்டு வைத்தவர்களின் பெயர் அன்றைக்கே கெட்டது. ஆனால் இதே விதிக்கு மறுபக்கமும் உண்டு: உங்கள் வீட்டு வாசலுக்கு வராதவருக்கு நீங்கள் அழைப்பு அனுப்பத் தேவையில்லை.

பிறகு வாண்டர்பில்ட்டுகள் எப்படித்தான் உள்ளே நுழைந்தார்கள்?
– வாசகி, ஈரோடு

அந்த மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான். கொர்னீலியஸின் பேரன் வில்லியத்தின் மனைவி ஆல்வா, ஐந்தாம் அவென்யூவில் பிரெஞ்சுக் கோட்டை பாணியில் புது மாளிகை கட்டி, 1883 மார்ச் 26 அன்று மாறுவேட நடன விருந்து வைத்தார். ஆயிரம் பேருக்கு மேல் அழைப்பு. மிஸஸ் ஆஸ்டரின் மகள் கேரி அதற்காகத் தோழிகளோடு நடனம் பழகிக்கொண்டிருந்தாளாம். 'உன் அம்மா என் வீட்டுக்கு வந்ததே இல்லையே, எப்படி அழைப்பது?' என்ற ரீதியில் ஆல்வா சொல்லி அனுப்ப, மிஸஸ் ஆஸ்டரின் கார்டு வந்து சேர்ந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அன்றிரவு தாயும் மகளும் வந்திருந்தார்கள். ஆல்வாவின் ஓரகத்தி ஆலிஸ், 'மின்சார விளக்கு' வேடத்தில் வந்தார். பொன், வெள்ளி இழை வேலைப்பாடுள்ள உடை, கையில் உயர்த்திப் பிடித்த விளக்கு. எடிசனின் மின்நிலையம் மன்ஹாட்டனில் இயங்கத் தொடங்கி ஏழு மாதம்கூட ஆகாத நேரம் அது! நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் அந்த உடை பத்திரமாக இருக்கிறது.

பாட்டுக் கச்சேரியிலும் ஒரு சண்டை நடந்தது. 14-ஆம் தெருவிலிருந்த ஆப்பரா (இசை நாடக) அரங்கில் 'பாக்ஸ்' எனப்படும் தனி மாடங்கள் 18 மட்டுமே இருந்தன. அவற்றைப் பழைய குடும்பங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆல்வாவின் மாமனார் ஒரு மாடத்துக்கு 30,000 டாலர் தர முன்வந்தும் மறுத்ததாகச் செய்தி. ஒதுக்கப்பட்டவர்கள் சேர்ந்து சொந்தமாகவே கட்டிய மெட்ரோபாலிட்டன் ஆப்பரா, 1883 அக்டோபர் 22 அன்று திறந்தது. மூன்றே ஆண்டில் பழைய அரங்கம் ஆப்பராவைக் கைவிட்டது.

அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்களை இங்கிலாந்துப் பிரபுக்களுக்குக் கட்டிக்கொடுத்தது வரதட்சிணை இல்லாமல் வேறு என்ன?
– வாசகி, மதுரை

வரதட்சிணையேதான். 1870-களிலிருந்து அமெரிக்கத் தானியம் ரயிலிலும் கப்பலிலும் மலிவாக இங்கிலாந்துக்குப் போய் இறங்கியது. அங்கே விளைபொருள் விலை சரிந்தது, குத்தகை வருமானம் குறைந்தது, பிரபுக்கள் கடனில் மூழ்கினார்கள். அமெரிக்காவில் பலரைக் கோடீஸ்வரர் ஆக்கிய அதே ரயில், அங்கே பட்டங்களை விலைக்குக் கொண்டுவந்தது.

ஆல்வாவின் மகள் கன்சுவேலோவுக்கு அப்போது 18 வயது. மனதில் வேறொருவர் இருந்தார். 1895 நவம்பர் 6 அன்று கன்சுவேலோவை மார்ல்பரோ டியூக்குக்கு மணம் முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள், அதற்கு ஆண்டுக்கு 4 சதவீத உத்தரவாதம், அதாவது வருடம் ஒரு லட்சம் டாலர். 1921-ல் விவாகரத்து. 1926-ல் திருமணமே செல்லாது என்று ஆக்கும் விசாரணையில், மகளைக் கட்டாயப்படுத்தியதாக ஆல்வா தன் வாயாலேயே சாட்சி சொன்னார். வாண்டர்பில்ட்டுகளின் ஏற்றத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பெண் கொடுத்த விலையை இரண்டு வரியில் கடந்துபோவது எனக்கு ஒப்பாத விஷயம்.

ஆஸ்டர், வாண்டர்பில்ட் வீடுகள் கடைசியில் ஒன்றாகிவிட்டனவா?
– வாசகர், காரைக்குடி

சுற்றி வளைத்து உறவாகின. கேரி ஆஸ்டர், முதலில் தாய் விரும்பாத வில்சன் வீட்டுப் பையனை 1884-ல் மணந்தார். அதே வீட்டுப் பெண் கிரேஸ், 1896-ல் மூன்றாம் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட்டை மணந்தார். இந்தத் தடவை எதிர்ப்பு வாண்டர்பில்ட் வீட்டிலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சம்மதிக்கவே இல்லை. உயிலில், உயிரோடிருந்த மகன்களில் மூத்தவரான அவரைத் தள்ளிவிட்டு, சொத்தில் பெரும்பகுதியைத் தம்பி ஆல்ஃப்ரெட்டுக்கு எழுதிவைத்தார்.