மெடலைக் கேக்காதீங்க, மொதல்ல ரெகார்டைத் திருத்தச் சொல்லுங்க: முன்னாள் படைவீரர் கேள்வி பதில்

வணக்கமுங்க. ஆர்மில கிளார்க்கா சேந்து பாதி சர்வீஸ், படைவீரர்களோட சர்வீஸ் பேப்பரை வெச்சுருக்கற ரெகார்ட் ஆபீஸ்லயே போயி சுபேதாரா ரிட்டயர் ஆனவன் நான், இப்ப சேலம் ஹஸ்தம்பட்டில இருக்கேன். சண்டைக்குப் போயிட்டு வந்தும் டிஸ்சார்ஜ் புக்ல மெடல் ஏறாம விட்டுப்போனவங்க நம்ம ஜில்லால எவ்ளோ பேர் இருக்காங்கன்னு வந்த கேள்விகளைப் பாத்தாலே தெரியுது, மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்குது. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணாச் சேத்துட்டேன்.

ஆத்தூர்ல இருந்து ஒருத்தர்: ஐயா, நான் ஐபிகேஎஃப்ல, அதாங்க இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படைல, யாழ்ப்பாணம் போனவன். 1987 அக்டோபர் சண்டைல குண்டுச் சிதறல் தொடைல பாஞ்சு பலாலில இருந்து ப்ளேன்ல ஏத்தி விட்டாங்க, அப்பறம் மெட்ராஸ் மிலிட்டரி ஹாஸ்பிடல். டிஸ்சார்ஜ் புக்ல ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் ஸ்ரீலங்கா கிளாஸ்ப்போட இருக்குது, ஆனா காயம்பட்டவங்களுக்கு குடுக்கற மெடல் இல்ல. எழுதிப் போட்டா நாட் எலிஜிபிள்னு ஒரு வரில பதில் வருது. வயசும் ஆச்சு, விட்டுடலாமா?

பதில்: விடக்கூடாதுங்கண்ணா. நீங்க கேக்கறது பராக்ரம் படக், முன்னாடி ஊண்ட் மெடல்னு சொல்லிட்டு இருந்தோமே அதேதான். எதிரியோட நேரடி தாக்குதல்ல காயம்பட்டவங்களுக்குத்தான் அது. இப்ப உங்க லெட்டர் போய்ச் சேந்த ரெகார்ட் ஆபீஸ்ல என்ன நடந்துருக்கும்னு சொல்றேன் கேளுங்க. மெடல் வேணும்னு எழுதிருப்பீங்க, அங்க இருக்கற பையன் உங்க நம்பரைப் போட்டுப் பாத்துருப்பான், பேட்டில் கேஷுவல்டினு, அதாவது சண்டைல காயம்பட்டவர்னு, எதுவும் வரலை, வரலைன்னா தகுதி இல்ல, அவ்ளோதான் பதில். அவன்மேல தப்பு சொல்ல முடியாது, அவன் முன்னாடி இருக்கற பேப்பர் அப்படித்தான் சொல்லுது. அதனால சண்டை போட வேண்டியது அந்தப் பேப்பரோட. மெடல் பின்னாடி வரும்.

காயம்பட்டா யூனிட் உடனே பேட்டில் கேஷுவல்டி ரிப்போர்ட் அனுப்பணும், அதை வெச்சு ஆளோட சர்வீஸ்ல நடக்கறதைப் பதிவு பண்ற பார்ட் டூ ஆர்டர் போடணும், அந்த ஆர்டர்தான் ஷீட் ரோல்ங்கற உங்க சர்வீஸ் பதிவேட்டுல ஏறும். யாழ்ப்பாணத்துல அந்த அக்டோபர் மாசம் இருந்த இருப்புல எந்தக் கம்பெனி எங்க நிக்குதுன்னே தெரியாம ஓடிட்டு இருந்தாங்க, கிளார்க் ஒரு பக்கம் பேப்பர் ஒரு பக்கம், காயம்பட்டவரு அதுக்குள்ள கடல் தாண்டி ஹாஸ்பிடல் போயிருப்பாரு. அப்படி விட்டுப்போனதுதான் பெரும்பாலும். ஹாஸ்பிடல்காரங்களும் வெறுமனே இஞ்சுரின்னு எழுதி முடிச்சுருப்பாங்க.

இப்ப செய்ய வேண்டியது என்னன்னா, மொதல்ல ஆர்டிஐ போட்டு நாலு பேப்பரோட காப்பி கேளுங்க: ஷீட் ரோல், 1987 அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் உங்க பேர்ல வந்த பார்ட் டூ ஆர்டர், கேஷுவல்டி ரிப்போர்ட் இருந்தா அது, அப்பறம் ரிலீஸ் மெடிக்கல் போர்டு ப்ரொசீடிங்ஸ். கடைசியா சொன்னதுதான் தங்கம். அதுல காயம் எங்க எப்ப எப்படி ஆச்சுன்னு எழுதியிருப்பாங்க, "ஸ்ப்ளின்டர்" இல்ல "ஜிஎஸ்டபிள்யூ (துப்பாக்கிக் காயம்), ஆப் பவன் (இலங்கை ஆப்பரேஷன்)"னு ஒரு டாக்டர் கைப்பட எழுதியிருந்தா அதுக்கு மேல ஒரு சாட்சி வேண்டியதில்ல, ஆர்மி டாக்டரே எழுதுனதாச்சே. அதோட அன்னிக்கு கூட இருந்தவங்க ரெண்டு பேர்கிட்ட, முடிஞ்சா அப்பறம் ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆன உங்க பிளாட்டூன் கமாண்டர்கிட்டயே, நோட்டரி அஃபிடவிட் வாங்குங்க. "நல்லா சண்டை போட்டார்"னு பொதுவா எழுதுனா செல்லாது, தேதி, எடம், எந்த பிளாட்டூன், எப்படி காயம், யாரு தூக்கிட்டுப் போனாங்கன்னு இருக்கணும்.

இதெல்லாம் கைல வந்தப்பறம் ரெகார்ட் ஆபீசர் இன்சார்ஜுக்கு ரெப்ரசென்டேஷன், அதாவது கோரிக்கை மனு. அதுல மொத கோரிக்கை என் காயத்தை பேட்டில் கேஷுவல்டியா வகைப்படுத்தி பார்ட் டூ ஆர்டர் போடுங்க, ரெண்டாவது கோரிக்கை அதன்படி டிஸ்சார்ஜ் புக்கைத் திருத்துங்க, மூணாவதுதான் மெடல் கிளைமை மேல அனுப்புங்க. இந்த வரிசை மாறக்கூடாது.

அவரே மறுபடி: காயத்துக்கு இப்ப சாதாரண டிசெபிலிட்டி பென்ஷன் வாங்கறேன். இதனால அதுல எதாச்சும் மாறுமா?

பதில்: மாறும், நெறைய மாறும், இதை யாரும் சொல்றதே இல்ல. மெடல்ல பைசா வராது. ஆனா பேட்டில் கேஷுவல்டின்னு ரெகார்ட் திருந்துச்சுன்னா வார் இஞ்சுரி பென்ஷன் கேக்கலாம். நூறு சதவீத ஊனம்னு வெச்சுக்கிட்டா சாதாரண டிசெபிலிட்டி எலிமென்ட் கடைசி சம்பளத்துல 30 சதவீதம், சண்டைக் காயத்தால வீட்டுக்கு அனுப்புனவங்களுக்கு வார் இஞ்சுரி எலிமென்ட் 100 சதவீதம். ஊனம் கம்மின்னா அந்த அளவுக்குக் கொறையும். அரியர் மட்டும் எல்லா வருஷத்துக்கும் எதிர்பாக்காதீங்க, லேட்டா கேஸ் போட்டா வழக்கமா பின்னாடி 3 வருஷத்துக்குத்தான், 2008ல சுப்ரீம் கோர்ட் தர்சேம் சிங் கேஸ்ல அப்படித்தான் சொல்லிருக்குது.

ஓமலூர்ல இருந்து ஒரு தம்பி: அப்பாவுக்காக ஆர்டிஐ எங்க எப்படி அனுப்பறதுங்க? கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புனேன், திரும்பி வந்துருச்சு.

பதில்: தம்பி, அந்த ஸ்டாம்ப் நம்ம மாநில ஆபீஸ்களுக்குத்தான். இது மத்திய அரசு, 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் வாங்குங்க, ஹெட் போஸ்ட் ஆபீஸ்ல கெடைக்கும், இல்லேன்னா ஆன்லைன்லயே போட்டுடலாம். காப்பிக்கு பக்கத்துக்கு 2 ரூபா. 30 நாள்ல பதில் வரணும், வரலேன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மொத அப்பீல், அதுக்கும் மேல டெல்லி தகவல் கமிஷன், அதுக்கு 90 நாள் டைம். அப்பா கையெழுத்துலயே அனுப்புங்க, மகன் பேர்ல கேட்டா அடுத்தவர் விவரம்னு திருப்பிடுவாங்க. யூனிட்டோட வார் டைரியைக் கேட்டு உக்காராதீங்க, பாதுகாப்புன்னு காரணம் சொல்லி மறுக்க வாய்ப்பு ஜாஸ்தி, அப்பாவோட சொந்த பேப்பரை மட்டும் கேளுங்க.

எங்க அனுப்பறதுன்னா அப்பா எந்த ரெஜிமென்ட்னு பாருங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுனா வெலிங்டன், தம்பிங்கற மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்னா பெங்களூர், ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், வண்டி, ஆயுதம் ரிப்பேர் பாக்கற இஎம்இ செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ. பென்ஷன் ஸ்பர்ஷ்ங்கற ஆன்லைன் முறைல வருதுங்கறதுக்காக பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்) பென்ஷன் ஆபீசுக்கு எழுதுவாங்க பல பேரு, அவங்க பணம் குடுக்கறவங்க, மெடலுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்ல.

சூரமங்கலம் அண்ணன் ஒருத்தர்: கார்கில் சமயம் திராஸ்ல பீரங்கி பொசிஷன்ல இருந்தேன். எனக்கு ஆப் விஜய் (கார்கில் ஆப்பரேஷன்) மெடல்தான் போட்ருக்காங்க, ஸ்டார் இல்ல. ரெண்டும் ஒண்ணா?

பதில்: ஒண்ணு இல்லீங்க. ஸ்டார் சண்டை நடந்த ஏரியாலயே இருந்தவங்களுக்கு, மெடல் அந்த ஆப்பரேஷனுக்காக பரவலா நகத்தி நிறுத்துனவங்களுக்கு. 1965லயும் இப்படித்தான், சமர் சேவா ஸ்டார் வேற, ரக்ஷா மெடல் வேற. 1971ல கிழக்கே பூர்வி ஸ்டார், மேற்கே பஸ்சிமி ஸ்டார், அதோட சங்க்ராம் மெடல். உங்க விஷயத்துல கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், 1999 மே கடைசில இருந்து ஜூலை வரைக்கும் நீங்க எந்த எடத்துல இருந்தீங்கங்கறது. மூவ்மென்ட் ஆர்டர், அந்தப் பகுதிக்கு வந்ததுக்கான பார்ட் டூ, ஹை ஆல்டிட்யூட் அலவன்ஸ் ஏறுன சம்பளக் கணக்கு, இதுல ஒண்ணு போதும். உங்க பீரங்கி பேட்டரில மத்தவங்களுக்கு ஸ்டார் வந்துருந்தா அவங்க டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸையும் வெச்சு அனுப்புங்க. அனுப்ப வேண்டியது ஆர்ட்டிலரி ரெகார்ட் ஆபீஸ், நாசிக் ரோடு.

சங்ககிரி: எங்க சிஓ (யூனிட்டோட தலைமை அதிகாரி) எனக்கு சேனா மெடல் ரெகமண்ட் பண்றேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். வரவேயில்ல. கேஸ் போட்டா கெடைக்குமா?

பதில்: உண்மையைச் சொல்றேன், கோச்சுக்காதீங்க. வீரத்துக்கான மெடல் உரிமை கெடையாது, அது அன்னிக்கு யூனிட் எழுதி பிரிகேட் டிவிஷன்னு ஒவ்வொரு படியா மேல போயி முடிவாகறது. எழுதவே இல்லேன்னா வருஷக்கணக்கு கழிச்சு எந்தக் கோர்ட்டும் மெடலைக் குடுன்னு சொல்றது ரொம்ப அபூர்வம். எழுதி அனுப்புனது நடுவுல காணாமப் போச்சு, அதுக்கு நம்பர் தேதியோட ஆதாரம் இருக்குதுன்னா அது வேற விஷயம், அப்ப பேசலாம்.

ஆனா ரெகார்டைத் திருத்த வெக்கலாம். கார்கில்ல படாலிக் பக்கம் 70வது இன்ஃபன்ட்ரி பிரிகேடை நடத்துன பிரிகேடியர் தேவிந்தர் சிங்கை நெனச்சுப் பாருங்க. தன்னோட சண்டையைப் பத்தி மேலதிகாரி எழுதுனது நியாயமா இல்லைன்னு ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போனாரு, 2010ல அந்த ரெகார்டைத் திருத்தச் சொல்லி தீர்ப்பு வந்துச்சு, சண்டை முடிஞ்சு 11 வருஷம் கழிச்சு. ஒரு பிரிகேடியருக்கே பேப்பர்தான் பிரச்சனையா இருந்துருக்குது பாருங்க.

தீர்ப்பாயத்துக்கு சென்னைலயே பெஞ்ச் இருக்குது. நேரா அங்க போகக்கூடாது, மொதல்ல ரெகார்ட் ஆபீசுக்கு எழுதணும், அவங்க மறுத்தா அதுல இருந்து 6 மாசத்துக்குள்ள போகணும், பதிலே வராம 6 மாசம் ஆச்சுன்னாலும் போகலாம். லேட் ஆயிருந்தா ஏன் லேட்டுனு தனியா மனு போடணும். அதனால எழுதற ஒவ்வொரு லெட்டரையும் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை பத்திரமா வையுங்க.

ஏற்காடு நாகலூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மாவுக்காக அவங்க பேத்தி: தாத்தா 71 சண்டைக்கு போனவரு, இறந்துட்டாரு. ஆர்மி பேப்பர்ல அவரு பேர் சின்னுசாமி, ஆதார் ரேஷன் கார்டு எல்லாத்துலயும் சின்னசாமி. மெடலும் வீட்ல இல்ல, பாட்டி பாத்ததே இல்லங்கறாங்க.

பதில்: கண்ணு, இந்தப் பேர் பிரச்சனை மலைமேல இருந்து போனவங்க எல்லாருக்கும் இருக்குது. ரிக்ரூட்டிங்ல வடநாட்டு கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதுனாரு, அப்பா பேரு இனிஷியலாப் போயி ஊர்ப்பேரு அப்பா பேரா ஆனதெல்லாம் நான் கண்ணால பாத்துருக்கேன். நீங்க மெடலுக்காக தாத்தா பேரைத் திருத்தாதீங்க. மெடலோட விளிம்புல நம்பர், ரேங்க், பேர் எல்லாம் பொறிச்சுத்தான் வரும், அது ஆர்மி ரெகார்ட் பேர்லதான் வரும், வரட்டும். ரெகார்ட் ஆபீசுக்கு முக்கியம் ஆர்மி நம்பர். சின்னுசாமியும் சின்னசாமியும் ஒரே ஆள்தான்னு பாட்டி ஒரு அஃபிடவிட் போட்டு, சேலத்துல இருக்கற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல உதவி இயக்குநர் கையெழுத்து வாங்கி, பாட்டியோட பிபிஓ (பென்ஷன் ஆர்டர்), தாத்தாவோட இறப்பு சான்றிதழ் வெச்சு ரெகார்ட் ஆபீசுக்கு அனுப்புங்க. மெடல் ஏற்கெனவே அனுப்பியாச்சான்னு அந்த லெட்டர்லயே கேளுங்க, பல சமயம் யூனிட்டுக்கு வந்து ஆளு ரிட்டயர் ஆயிட்டாருன்னு அங்கயே கெடந்துருக்கும். பாட்டி பேர்ல தப்பு இருந்தா அதை மட்டும் திருத்தியே ஆகணும், பென்ஷன்ல இடிக்கும்.

பாட்டி மலையெறங்கி வர வேண்டாம், நீ ஒருத்தி வந்தாப் போதும்.

எடப்பாடி: ஒருத்தர் 20 ஆயிரம் குடுத்தா டெல்லில ஆள் வெச்சு வாங்கித் தரேங்கறார்.

பதில்: ஒரு ரூபா குடுக்காதீங்க. மெடல் இலவசம். தொலைச்சுட்டு டூப்ளிகேட் வாங்கறதுக்குத்தான் பணம் கட்டணும், அதுக்கும் போலீஸ் ரிப்போர்ட்டும் அஃபிடவிட்டும் வேணும், அதுவும் ரெகார்ட் ஆபீஸ் வழியாத்தான்.

ஃபேர்லேண்ட்ஸ்ல இருந்து ஒரு அம்மா: என் தங்கை மகன் அமெரிக்க ஆர்மில ஆப்கானிஸ்தான் போயிட்டு வந்தான். அவனுக்கும் இதே மாதிரி காம்பாட் பேட்ஜ் பேப்பர்ல ஏறலயாம். அங்க எப்படி?

பதில்: அங்க வழி தெளிவா இருக்குதுங்கம்மா. டிஸ்சார்ஜ் பேப்பருக்கு டிடி 214னு பேரு, அதைத் திருத்தறதுக்கு டிடி ஃபார்ம் 149, ரெகார்டு திருத்தறதுக்குன்னே தனி போர்டு வெச்சுருக்காங்க. தப்பு தெரிஞ்சதுல இருந்து 3 வருஷத்துக்குள்ள போடணும், நியாயம் இருந்தா தாமதத்தை மன்னிப்பாங்க. இன்ஃபன்ட்ரியா இருந்தா காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ், மத்த ட்ரேடா இருந்தா காம்பாட் ஆக்ஷன் பேட்ஜ், எதைக் கேக்கணும்னு பாத்துட்டுக் கேக்கச் சொல்லுங்க. அங்கயும் கூட இருந்தவங்க எழுதித் தர்ற சாட்சிதான் தாங்கிப் பிடிக்குது. 1973ல செயின்ட் லூயிஸ் ரெகார்ட் ஆபீஸ்ல தீப்பிடிச்சு ஒண்ணரை கோடிக்கு மேல ஃபைல் எரிஞ்சு போச்சு, அந்தப் பழைய ஆளுங்க எல்லாம் கைல இருந்த காகிதத்தையும் கூட்டாளிங்க சாட்சியையும் வெச்சுத்தான் நிரூபிச்சாங்க.

மேட்டூர்: எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனவரு, இங்கிலாந்துக்கு எழுதுனா மெடல் தருவாங்களா?

பதில்: அவரு பழைய இந்தியன் ஆர்மில இருந்துருந்தா அந்த ரெகார்ட் எல்லாம் இங்கதான் இருக்குது, இங்கிலாந்துக்கு எழுதறதுல பிரயோஜனமில்ல. அவரு இருந்த ரெஜிமென்ட்டோட ரெகார்ட் ஆபீசுக்கு எழுதுங்க. பாட்டி உயிரோட இருந்தா ரெண்டாம் உலகப்போர் படைவீரர் குடும்பத்துக்கு மாநில அரசு குடுக்கற மாச உதவியை மொதல்ல விசாரிங்க, அது அவசரம்.

வாழப்பாடி: நான் 71 டிசம்பர்ல மேற்கு பார்டர்ல இருந்தேன். குடும்ப சூழ்நிலையால பென்ஷன் வராம பாதிலயே வந்துட்டேன். எழுதிக் கேட்டா உங்க ஃபைலை அழிச்சாச்சுன்னு பதில். இனி என்ன பண்றதுங்கய்யா?

பதில்: பென்ஷன் இல்லாதவங்க ஃபைலை 25 வருஷம் வெச்சுருந்துட்டு அழிக்கறது ரூல்படிதான் நடக்குது. ஆனா லாங் ரோல்னு ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருக்குதுங்க, அதை அழிக்கவே மாட்டாங்க. உங்க நம்பர், பேர், சேந்த தேதி, போன தேதி எல்லாம் அதுல நிக்கும். அடுத்த லெட்டர்ல ஃபைலைக் கேக்காதீங்க, "லாங் ரோல் எக்ஸ்ட்ராக்ட் குடுங்க"ன்னு எழுதுங்க. டிசம்பர் 3ந் தேதி நீங்க சர்வீஸ்ல இருந்தது அதுலயே தெரிஞ்சுரும், மேற்குல இருந்ததுக்கு டிஸ்சார்ஜ் புக்கும், கூட இருந்தவர் ஒருத்தர் அஃபிடவிட்டும் போதுமான்னு பாப்போம். புக்கை ஒரிஜினலா அனுப்பிடாதீங்க, ஜெராக்ஸ் எடுத்து நல அலுவலகத்துல அட்டெஸ்ட் பண்ணி அனுப்புங்க.